மலையில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தும் ஏன் ‘சேலத்துக்குப் போங்க’ என்கிறார்கள்?

உங்கள் கேள்விக்குள் மூன்று சம்பவங்கள் இருக்கின்றன. ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குச் சுகரும் பி.பி.யும் உண்டு, மாத்திரை வாங்கப் போனால் பத்து நாளைக்கு மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். நெஞ்சு வலி என்று ஓடிய பக்கத்து வீட்டுக்காரரை அரை மணி நேரம்கூட வைத்துப் பார்க்காமல் சேலம் ஜி.எச்.சுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர். ‘கட்டடம் இருக்கிறது, போர்டு இருக்கிறது, பிறகு எதற்கு இந்த நிலையம்?’ என்று முடித்திருக்கிறீர்கள். மலையில் உள்ள ஒரு சின்ன நிலையத்திடம் எதை உரிமையோடு கேட்கலாம், எது அதனால் முடியாத காரியம், இரண்டுக்கும் நடுவில் எங்கே கோளாறு நடக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பொது சுகாதாரப் பணியில் பல வருடம் இருந்ததை வைத்து எழுதுகிறேன். உங்கள் அப்பாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ பரிசோதிக்காமல், அன்றைக்கு அந்த டாக்டர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்லக்கூடியது இது: கீழே அனுப்புவது பெரும்பாலும் தவறல்ல. முதல் டோஸ் கொடுக்காமல் அனுப்புவது, என்ன கொடுத்தோம் என்று எழுதித் தராமல் அனுப்புவது, அவர் திரும்பி மலைக்கு வந்த பிறகு கண்டுகொள்ளாமல் விடுவது ஆகிய மூன்றும் தவறு. மாத்திரை பத்து நாளோடு நிற்பதும், டாக்டர் மாறிக்கொண்டே இருப்பதும் இதோடு சேர்ந்தவைதான். ஒரே நோயாளி மாதாமாதம் மறுபடி வருவார் என்ற கணக்கு இந்த அமைப்புக்குள் இன்னும் சரியாக உட்காரவில்லை.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது தேசிய விதி. மலைப் பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் இது 20,000, 3,000 என்று குறைகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி தலைகளை எண்ணுகிறதே தவிர, நடக்கும் நேரத்தை எண்ணவில்லை. சமவெளியில் 3,000 பேர் இரண்டு மூன்று ஊர்களில் சேர்ந்து இருப்பார்கள். கிராம சுகாதார செவிலியர் ஸ்கூட்டியில் ஒரு காலையில் சுற்றி வந்துவிடலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் சரிவுக்குச் சரிவு சிதறிக் கிடக்கின்றன. ஒரே செவிலியரின் பொறுப்பில் உள்ள இரண்டு ஊர்களுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். காகிதத்தில் விதி நிறைவேறியிருக்கும், ஊரில் அது தெரியாது.

இப்போது ‘உடனே அனுப்பிவிட்டார்கள்’ என்ற குறைக்கு வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆபரேஷன் இல்லை, ரத்த வங்கி இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை, செயற்கை சுவாசக் கருவி இல்லை. இவை வேண்டும் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய்ச் சேர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்கிராமத்திலிருந்து ஏற்காடு வரவே அரை மணியோ முக்கால் மணியோ தனியாக ஆகும். மழைக்காலத்தில் இந்தக் கணக்கும் நிற்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது மலையிலிருந்து இறங்கும் இன்னொரு சாலையான குப்பனூர் வழிதான் கைகொடுத்தது. பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காமல் ரத்தம் போகும் தாய்க்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால் இருக்கும் அவகாசம் சுமார் இரண்டு மணி நேரம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதில் ஒன்றரை மணி நேரத்தைச் சாலையே தின்றுவிட்டால், ‘கொஞ்ச நேரம் பார்க்கலாம்’ என்று சொல்ல மலை டாக்டருக்கு அவகாசமே இல்லை. கீழே சமவெளியில், ஓமலூரில் இருக்கும் டாக்டர் அரை மணி நேரம் காத்திருந்து பார்க்கலாம். ஏற்காட்டில் இருப்பவர் சந்தேகம் வந்ததுமே அனுப்ப வேண்டும். வேகமாக அனுப்பியதை வைத்து மட்டும் அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் அனுப்புவதற்கு முன் என்ன செய்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. நெஞ்சு வலிக்கு 2023 முதல் தமிழகத்தில் ‘இதயம் காப்போம்’ என்ற திட்டம் இருக்கிறது. மாரடைப்பு என்று சந்தேகித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 300 மி.கி., குளோபிடோகிரெல் 300 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும். சின்னச் சின்ன மாத்திரைகளாகக் கொடுப்பதால் கை நிறைய இருக்கும். அதைப் பார்த்து நோயாளி பயப்படுவதும் உண்டு. வாய்ப்பிருந்தால் இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால் கீழே இருக்கும் டாக்டருக்கு முதல் படம் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவை நடந்திருந்தால், அந்த நிலையம் பத்து நிமிடத்தில் தன் வேலையை முழுதாகச் செய்துவிட்டது. வெறும் கையோடு வண்டி ஏற்றியிருந்தால் உங்கள் கோபம் நியாயமானது. இந்த மாத்திரைகளை வீட்டில் வாங்கி வைத்து நீங்களே கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் ரத்தக் கசிவு, பெருந்தமனி கிழிதல் போன்றவற்றிலும் நெஞ்சில் வலி வரும். அங்கே இதே மாத்திரைகள் ஆளைக் கொல்லும்.

பக்கவாதத்துக்கு இது நேர் எதிர். வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்தால், அது ரத்தக் கட்டியா ரத்தக் கசிவா என்று சி.டி. எடுக்காமல் தெரியாது. அதற்கு முன் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதனால் நிலையத்துக்குப் போய் டோக்கன் போட்டு உட்காராமல் 108ஐ அழைத்து நேராகக் கீழே இறங்குவதுதான் சரி. கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். கெடுவை அங்கிருந்துதான் எண்ணுவார்கள்.

பாம்புக் கடியில்தான் எனக்கு அதிக வருத்தம், ஏனென்றால் அங்கே நிலையத்தில் செய்ய முடிந்ததையே செய்யாமல் அனுப்புவது இன்னும் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் முதல் டோஸே 10 வயல், அதாவது 10 மருந்துக் குப்பி. பல இடங்களில் அலமாரியில் நான்கைந்து வயல் மட்டும் இருக்கும். கணக்கெடுப்பில் ‘இருப்பு உண்டு’ என்று பதிவாகிவிடும், நோயாளிக்கு அது அரை டோஸ். ரத்தத்தில் விஷம் ஏறியதா என்று பார்க்கும் சோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இதில் கெடுப்பது குழாய்தான். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ ரத்தம் உறையாது; இல்லாத விஷம் இருப்பதாகத் தெரியும்.

டாக்டர் தயங்குவதற்கு உண்மையான காரணமும் உண்டு. இந்த மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும். தனியாக இருக்கும் இளம் டாக்டருக்கு அது பெரிய பயம். அதற்குத்தான் அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்கிறார்கள். ஒவ்வாமைக்கு வைத்தியம் நிலையத்திலேயே முடியும். முறிவு மருந்து இல்லாமல் ஒரு மணி நேரம் வளைவுகளில் இறங்கும்போது ஏறும் விஷத்துக்கு வண்டியில் வைத்தியம் கிடையாது. இங்கே ஒரு விதிவிலக்கும் சொல்ல வேண்டும். காப்பித் தோட்டங்களில் செடியோடு செடியாகக் கிடக்கும் பச்சை நிற மூங்கில் குழிவிரியன் அந்த நான்கில் சேராது. அதன் விஷத்துக்கு நம்மிடம் உள்ள மருந்து தயாரிக்கப்படவில்லை. அந்தக் கடியில் வீக்கமும் வலியும் கடுமையாக இருந்தாலும் உயிர் போவது அபூர்வம். அங்கே முறிவு மருந்து போடாமல் கவனிக்கும் டாக்டர் தவறு செய்யவில்லை. ஆனால் ‘பச்சையாக இருந்தது’ என்று இருட்டில் பார்த்தவர் சொல்வதை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது; அறிகுறியும் ரத்தச் சோதனையும்தான் முடிவு. கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும், வலிகூட இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல் என்று எழுந்தால் பாம்புக் கடியையும் நினைக்க வேண்டும். கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அந்தக் காலையோ கையையோ அசைக்காமல் கொண்டு வாருங்கள்.

பிரசவத்தில் தமிழகம் நன்றாகவே முன்னேறியிருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையத்தில் இயல்பான பிரசவம் பார்க்கலாம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் 10 கிராம், ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராமாகப் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். 50 சதவீத ஆம்பூல் ஒன்றில் 1 கிராம்தான் இருக்கும், ஆக 10 ஆம்பூல் வேண்டும். ட்ரேயில் எத்தனை இருக்கின்றன என்று மாதம் ஒரு முறை எண்ணாவிட்டால், தேவைப்படும் ராத்திரியில் நாலுதான் கிடைக்கும். ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடாசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். பிரசவ மேசைப் பக்கத்து ட்ரேயில் வாரக்கணக்கில் கிடந்தது போட்டும் போடாததற்குச் சமம். ரத்தச்சோகை, முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை என்று சிக்கல் தெரிந்தவர்கள் வலி வந்த பிறகு மலை இறங்கக் கூடாது. குறித்த தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே வந்து தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இதைச் சொன்னால் ‘வீட்டில் மற்ற குழந்தைகளை யார் பார்ப்பது, ஆட்டுக்கு யார் தழை போடுவது’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் மருத்துவத் துறையிடம் இல்லை, குடும்பத்தில்தான் இருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்துப் பேசும் கிராம சுகாதார செவிலியர் இருக்கும் ஊரில் இது நடக்கிறது.

இதுவரை கீழே போவதைப் பற்றிச் சொன்னேன். மேலே திரும்பி வருவதில்தான் அதிகம் அறுபடுகிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. மாரடைப்புக்கு ஜி.எச்.சில் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆனவருக்கு ஐந்தாறு மாத்திரை எழுதுவார்கள். மருத்துவக் கல்லூரிக்கு வரும் மருந்துப் பட்டியல் நீளமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியல் சிறியது. அந்த ஐந்தில் மூன்று மேலே கிடைக்கும், மற்ற இரண்டுக்கு மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுச் சேலம் போக வேண்டும். இரண்டு மாதம் போவார், மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார். அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரையை இப்படி நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். அனுப்பிய நிலையத்துக்கு ‘உங்கள் நோயாளி வந்தார், இதைச் செய்தோம், இனி நீங்கள் இதைக் கொடுங்கள்’ என்று ஒரு தகவல் ஒழுங்காக மேலே போகும் ஏற்பாடு பலவீனம். டிஸ்சார்ஜ் தாள் நோயாளியின் பையில் மடிந்து கிடக்கும். யாரும் கேட்காவிட்டால் அவரும் காட்ட மாட்டார்.

அப்பாவின் பத்து நாள் மாத்திரைக்கு வருவோம். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994இல் தொடங்கியதிலிருந்து அரசு மருந்து கொள்முதல் ஒரே இடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் மாதிரி ஒரு நிதி ஒதுக்கீடு. அதற்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, வேறு மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு. எங்கே சறுக்குகிறது என்றால், தேவைப் பட்டியலைப் போன வருடச் செலவை வைத்துப் போடும்போது. காய்ச்சல், சளிக்கு அது ஓரளவு பொருந்தும். சுகர், பி.பி.க்குப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள், யாரும் குணமாகிப் பட்டியலை விட்டு வெளியேறுவதில்லை. ஒரு நிலையத்தில் 600 பேருக்கு பி.பி. என்று வையுங்கள். ஆளுக்குத் தினம் ஒரு அம்லோடிபின் 5 மி.கி. என்றால் மாதத்துக்கு 18,000 மாத்திரை. அதில் 200 பேருக்கு அளவு 10 மி.கி.யாகக் கூடினால் அது 24,000. பரிசோதனை முகாம் வைத்து இன்னும் 100 பேரைக் கண்டுபிடித்தால் 27,000. பட்டியல் போட்டபோது இருந்த 18,000தான் வந்தால், மாதக் கடைசியில் இருப்பதை எல்லோருக்கும் பங்கு போட மருந்தாளுநர் பத்துப் பத்து நாளாகக் கொடுப்பார். அவர் பார்வையில் அது நியாயம், யாரையும் வெறும் கையோடு அனுப்பவில்லை. ஆனால் மலையில் அது கணக்குத் தப்பு. பத்து நாளுக்கு ஒரு முறை வர முடியாதவர் மாதத்தில் இருபது நாள் மாத்திரை இல்லாமல் இருப்பார். தொலைவில் இருந்து வருபவருக்கு 30 நாள், நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 10 நாள் என்று பிரித்தால் இதே இருப்பில் சேதம் குறையும். அதைச் செய்ய எந்த ஆணையும் தேவையில்லை, டாக்டரும் மருந்தாளுநரும் பேசி முடிவு செய்தால் போதும்.

சுகர் பரிசோதனையிலும் மலைக்கே உரிய ஒரு சிக்கல். வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள். பெரியவர் ஊரிலிருந்து நடந்து, பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி ரத்தம் கொடுக்கப் பத்தரை ஆகிவிடும். நடுவில் டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயும் பன்னும் சாப்பிட்டிருப்பார். கேட்டால் ‘சாப்பாடு சாப்பிடலீங்க’ என்பார். அவர் கணக்கில் டீயும் பன்னும் சாப்பாடு இல்லை. வந்த எண்ணை வெறும் வயிற்று எண்ணாக எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டினால், மறுநாள் தோட்டத்தில் வேலை செய்யும்போது சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். ‘காலையில் என்ன குடித்தீர்கள்?’ என்று கேட்டாலே இதில் பாதி தவிர்க்கப்படும். துணை சுகாதார நிலையத்திலோ வீட்டிலோ கிராம சுகாதார செவிலியர் விடியற்காலையில் விரலில் குத்திப் பார்த்து எழுதித் தருவது இதைவிட நல்லது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் வந்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். மலை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது என்பது என் கருத்து. ஒரே ஒரு எச்சரிக்கை: மாத்திரை வீடு தேடி வந்துவிட்டால் டாக்டரைப் பார்க்கும் தேவையே தீர்ந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். பி.பி. 170இல் நின்றாலும் அதே பழைய மாத்திரை ஒரு வருடமாக வந்துகொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது டாக்டர் பார்த்து அளவை மாற்ற வேண்டும்.

டாக்டர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார்? இதில் உறுதியானதும் உண்டு, கருத்தளவில் நிற்பதும் உண்டு. உறுதியானது: அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தமிழகம் 50 சதவீத இடம் ஒதுக்குகிறது, அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மலை, தொலைதூரப் பகுதிகளில் வேலை செய்தால் வருடத்துக்கு நீட் மதிப்பெண்ணில் 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம்வரை ஊக்க மதிப்பெண் என்பதும் விதியில் இருக்கிறது. இந்த விதிதான் இளம் டாக்டரை மலைக்கு ஏற்றுகிறது. இதே விதிதான் இரண்டு மூன்று வருடத்தில் அவரை இறக்கியும் விடுகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது, படிக்கத்தான் போகிறார். கூடுதல் சம்பளம் கொடுத்தால் நிலைப்பார்களா என்பது கருத்து வேறுபாடு உள்ள விஷயம். என் பார்வையில் பணத்தைவிடக் குடியிருக்கத் தகுந்த வீடு, கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பகுதியில் பணி, ராத்திரி அழைப்பில் தோள் மாற்ற இன்னொரு டாக்டர் ஆகியவைதான் ஒருவரை நிறுத்தும்.

நாள் முழுவதும் அவர் என்ன செய்கிறார் என்பதும் வெளியே தெரிவதில்லை. காலை 9 முதல் 1 மணிவரை 100 பேர் ஓ.பி.க்கு வந்தால் ஒருவருக்கு 2 நிமிடம் 24 விநாடி. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாட்களில் முகாம், ஆய்வுக் கூட்டம், வட்டார அலுவலகம் கேட்கும் அறிக்கை. செவிலியர் பக்கம் இன்னும் நெருக்கடி. 24 மணி நேர நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று வைத்தால், வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் 18 ஷிஃப்ட்டுக்குத்தான் ஆள் இருக்கிறது. ஒருவர் லீவு போட்டால் மற்ற இருவர் பகலும் இரவும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பிறகு கணினிப் பதிவு: கர்ப்பிணிக்கு பிக்மி, தடுப்பூசிக்கு யு-வின், காசநோய்க்கு நிக்ஷய், சுகர் பி.பி.க்குத் தனிச் செயலி. சிக்னல் எட்டாத ஊரில் செவிலியர் முதலில் நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து ராத்திரி மறுபடி ஏற்றுகிறார். ஒரே வேலைக்கு இரண்டு முறை நேரம் போகிறது, அந்த நேரம் நோயாளியிடமிருந்துதான் போகிறது. டாக்டர் மாறினாலும் கிராம சுகாதார செவிலியர் பெரும்பாலும் பல வருடம் அதே பகுதியில் இருக்கிறார். மலையில் தொடர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது அவர்தான். அவருடைய எழுத்து வேலையைக் குறைப்பது புதுக் கட்டடம் கட்டுவதைவிட அதிகம் பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நேரமும் பொருந்துவதில்லை. சேலம் நகரத்தில் கொலுசுப் பட்டறையிலோ தறியிலோ வேலை செய்பவர், 2023இலிருந்து வந்துள்ள நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலை 4 முதல் 8 மணிவரை டாக்டரைப் பார்த்துவிடலாம். மலையில் காப்பி பறிக்கும் மாதங்களில் காலையில் ஓ.பி.க்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக வைத்தது. சிறு தோட்டங்களில் பருவத்துக்கு மட்டும் போகிறவர்களுக்கு அது நடைமுறையில் எட்டவில்லை. பறிப்புக் காலத்தில் வாரம் ஒரு மாலையாவது மலை நிலையங்களில் சுகர், பி.பி. பார்த்தால் வருகை நின்றுபோகாது.

உங்கள் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. அப்பாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் நோய், மாத்திரையின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, ஒத்துக்கொள்ளாத மருந்து, உங்கள் போன் நம்பர். டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது. ‘சின்ன வெள்ளை மாத்திரை’ என்ற அடையாளத்தை நம்ப வேண்டாம். சப்ளை செய்யும் கம்பெனி மாறினால் நிறமும் அளவும் மாறும். அரசு மாத்திரை தீர்ந்த நாளில் கடையில் வாங்கியதும், பிறகு கிடைத்த அரசு மாத்திரையும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தலைசுற்றி விழுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். கீழே அனுப்பும்போது, என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, அப்போது பி.பி. என்ன என்ற மூன்றையும் சீட்டில் எழுதிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாளைப் போனில் படம் பிடித்து, ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்; நிலையத்தில் இல்லாத மாத்திரை எது என்று டாக்டரிடம் அப்போதே கேட்டால், அதே வேலை செய்யும் வேறு மாத்திரை பட்டியலில் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். 108ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு அருகில் உள்ள பஸ் நிறுத்தத்தையும் சொல்லுங்கள். ஊருக்குள் வண்டி வர நேரமாகும் என்றால், கிடைக்கும் ஜீப்பில் கிளம்பிப் பாதி வழியில் ஓர் இடம் சொல்லி ஆம்புலன்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104 இருக்கிறது.

ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியதற்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘ஆஸ்பத்திரி சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற பதிலோடு முடிந்துவிடும். எண்களாகக் கேளுங்கள். சுகர், பி.பி. பதிவேட்டில் எத்தனை பேர், போன மாதம் அதில் எத்தனை பேருக்கு முழு 30 நாள் மாத்திரை கிடைத்தது? பாம்புக் கடி மருந்து இன்றைக்கு எத்தனை வயல் இருக்கிறது? செவிலியர் பணியிடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை? நிலையத்தில் உள்ளவர்களே இந்த எண்கள் வெளியே வர வேண்டும் என்றுதான் விரும்புவார்கள், ஏனென்றால் அவர்கள் மேலே கேட்டுக் கிடைக்காததை ஊர் கேட்கிறது. கேள்வியையும் பதிலையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அதே எண்களை மறுபடி கேளுங்கள்.